ஆல்ஃபா 0.8 வந்துவிட்டால் போதுமா? – சீன மொழி மனநல வினாத்தாள்கள் பற்றி ஒரு குறிப்பு

மனநலம் பற்றிய வினாத்தாள் ஒன்றை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும் ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்தால், ஒரே மாதிரியான வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். க்ரான்பாக் ஆல்ஃபா 0.8-ஐத் தாண்டிவிட்டது, எனவே இந்த மொழி வடிவம் நம்பகமானது என்று அது முடியும். அந்த "எனவே"யைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உளவியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடமாக மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன். சீன மொழியும் தெரியாது. இந்த விஷயத்துக்குள் நான் வந்ததே ஒரு தப்பு செய்த பிறகுதான்.

சில வருடங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த இடத்தில் ஊழியர்களின் மனநலம் பற்றி ஒரு சர்வே எடுத்தார்கள். சென்னையில் ஒரு பெரிய குழு, ஷென்ஜென்னில் ஒரு சின்னக் குழு. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல வினாத்தாள்களிலிருந்து கேள்விகளை எடுத்துச் சேர்த்திருந்தார்கள். சென்னைக்கு ஆங்கிலம், ஷென்ஜென்னுக்குச் சீனம். ஸ்கோர் போடும் ஸ்கிரிப்ட் எழுதும் வேலை என்னிடம் வந்தது. எதிர்மறைக் கேள்விகளுக்கு மார்க்கைத் திருப்பிப் போட்டேன், கூட்டினேன், சராசரி எடுத்தேன். யாரோ "ஆல்ஃபாவும் போடுங்க" என்றார்கள். இரண்டு குழுவையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினேன். 0.8-க்கு மேல் வந்தது. எல்லோருக்கும் திருப்தி. ஷென்ஜென் குழுவின் மனநலம் குறைவு என்று ஒரு ஸ்லைடு போனது. அந்தக் குழுவின் தலைவரை அழைத்து விளக்கம் கேட்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தன்மேல் இன்னும் கொஞ்சம் மரியாதை வரணும்னு ஆசைப்படுறீங்களான்னு ஒரு கேள்வி இருக்கே, அதுக்கு ஆமான்னு சொன்னா மார்க் குறையுமா?"

குறையும் என்றேன்.

"அதுக்கு யாராவது இல்லைன்னு சொல்வாங்களா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியின் பூர்வீகம்

தேடிப் பார்த்தபோதுதான் அது மாரிஸ் ரோசன்பெர்க் 1965-ல் வெளியிட்ட சுயமதிப்பு அளவுகோலின் எட்டாவது கேள்வி என்று தெரிந்தது. மொத்தம் 10 கேள்விகள், 5 நேர்மறை, 5 எதிர்மறை. தன்மீது தனக்கு இன்னும் மரியாதை இருந்தால் நன்றாக இருக்குமே என்ற பொருளில் வரும் எட்டாவது கேள்வி எதிர்மறைப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் அதில் ஒரு ஏக்கம் தொனிக்கிறது, இப்போது மரியாதை இல்லையே என்ற ஏக்கம். சீனத்தில் பரவலாகப் புழங்கும் மொழிபெயர்ப்பில் அது எனக்காக இன்னும் அதிக மரியாதையை ஈட்ட விரும்புகிறேன் என்பதுபோல் ஒலிக்கிறது. அது குறை இல்லை, முன்னேறத் துடிப்பவர் பேசும் பேச்சு. சுயமதிப்பு அதிகம் உள்ளவர்தான் அதற்கு ஓங்கி ஆமாம் போடுவார்.

சீன ஆய்வாளர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. 2000-களின் நடுவிலேயே இந்தக் கேள்வி மற்ற ஒன்பதோடு ஒட்டவில்லை என்று எழுதிவிட்டார்கள். அங்கே சிலர் அதை நீக்கிவிட்டு ஒன்பது கேள்வியோடு ஓட்டுகிறார்கள். சிலர் நேர்மறையாக மாற்றி மார்க் போடுகிறார்கள். தெரியாமல் இருந்தது நான்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மொழிபெயர்ப்புச் சரியா என்று பார்க்க எல்லோரும் கையாளும் வழி, ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய மறுமொழிபெயர்ப்பு. ஒருவர் சீனத்துக்கு மாற்றுவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றுவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். எட்டாவது கேள்வி இந்தச் சோதனையில் ஏறக்குறைய சேதமில்லாமல் திரும்பி வந்துவிடும். விருப்பம், இன்னும், மரியாதை என்று எல்லாச் சொல்லும் அதனதன் இடத்தில் இருக்கும். "ஆமாம்" என்று சொல்பவர் எப்படிப்பட்டவர் என்பது மட்டும் மாறியிருக்கும். அது சொல்லில் இல்லாததால் மறுமொழிபெயர்ப்பின் கண்ணில் படாது.

ஆல்ஃபா உண்மையில் எதைச் சொல்கிறது

லீ க்ரான்பாக் 1951-ல் எழுதிய கட்டுரையால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 1945-லேயே லூயி கட்மன் இதே அளவை வேறு பெயரில் கொடுத்திருந்தார். எளிமையான வடிவம் இதுதான்: கேள்விகளின் எண்ணிக்கையைக் கேள்விகளுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவால் பெருக்குங்கள். எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதையும் சராசரி ஒட்டுறவால் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஆல்ஃபா.

காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். சராசரி ஒட்டுறவு வெறும் 0.2 என்று வைப்போம். 3 கேள்வி என்றால் ஆல்ஃபா 0.43. 14 கேள்வி என்றால் 0.78. 20 கேள்வி என்றால் 0.83. கேள்விகளின் தரம் மாறவே இல்லை, எண்ணிக்கைதான் ஏறியது. அதற்கே "நம்பகமற்றது" என்ற முத்திரை போய் "நம்பகமானது" வந்துவிட்டது.

இன்னொரு கணக்கு. 12 கேள்விகள். முதல் 6 ஒரு விஷயத்தைப் பற்றியவை, தங்களுக்குள் 0.6 ஒட்டுறவு. அடுத்த 6 முற்றிலும் வேறு விஷயம், அவையும் தங்களுக்குள் 0.6. இந்த ஆறுக்கும் அந்த ஆறுக்கும் துளிகூடச் சம்பந்தம் இல்லை, ஒட்டுறவு 0. மொத்தம் 66 ஜோடிகளில் 30 ஜோடிக்கு 0.6, மீதி 36-க்குச் சுழி. சராசரி 0.27. ஆல்ஃபா? 0.82! ஒன்றோடொன்று பேசாத இரண்டு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டினாலும் ஆல்ஃபா பாஸ் போட்டுவிடும். ஆக, வினாத்தாள் ஒரே விஷயத்தைத்தான் அளக்கிறது என்பதற்கு ஆல்ஃபா சாட்சி ஆகாது.

எதை அளக்கிறது என்பதற்கோ அது சுத்தமாகச் சாட்சி இல்லை. எடைக்கல்லை மாற்றி வைத்த கடைக்காரர் தினமும் கிலோவுக்கு 100 கிராம் குறைத்தே நிறுப்பார். நாளுக்கு நாள் மாறவே மாறாது. அதை நம்பகம் என்று சொல்லலாம், நியாயம் என்று சொல்ல முடியாது.

சரி, 0.7 என்ற எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது? ஜம் நன்னலியின் 1978 பாடநூலைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அவர் சொன்னது ஆய்வின் தொடக்கக் கட்டத்துக்கு 0.7. அடிப்படை ஆய்வுக்கு 0.8. ஒரு தனிமனிதரைப் பற்றி முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால் குறைந்தது 0.9, அதுவும் போதாது, 0.95 நல்லது. முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம்.

அந்த மீதி ஏன் முக்கியம்? ஸ்கோரின் திட்டவிலக்கம் 10, ஆல்ஃபா 0.7 என்றால், ஒருவருடைய ஸ்கோரில் இருக்கும் அளவைப் பிழை ஏறத்தாழ 5.5. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை என்ற கணக்கில் பார்த்தால் மேலே 11, கீழே 11. 50 வாங்கினவர் 39 ஆகவும் இருக்கலாம், 61 ஆகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட ஓர் எண்ணை வைத்துக்கொண்டு "உங்க மனநலம் சரியில்லை" என்று ஒருவரிடம் சொல்வது எனக்கு இன்று கூச்சமாக இருக்கிறது.

ரிஃப் அளவுகோல்: பழி மொழிபெயர்ப்பின்மேல் மட்டுமா?

உளவியல் நல்வாழ்வு என்றாலே முதலில் வருவது கரோல் ரிஃப் 1989-ல் கொடுத்த அளவுகோல். தன்னை ஏற்றுக்கொள்ளுதல், பிறரோடு நல்லுறவு, சுயாதீனம், சூழலைக் கையாளும் திறன், வாழ்க்கையில் நோக்கம், சுய வளர்ச்சி என்று ஆறு பரிமாணங்கள். மூல வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் 20 கேள்விகள். பிறகு 14, 9, கடைசியில் 3 என்று சுருங்கியது. மூன்று மூன்றாக 18 கேள்வி கொண்ட வடிவம்தான் உலகம் முழுக்கப் போனது, சீனத்துக்கும் போனது. ஹாங்காங்கில் செங், சான் இருவரும் 2005-ல் வெளியிட்ட சீன வடிவம், பரிமாணத்துக்கு 4 கேள்வி வீதம் 24 கேள்விகளோடு, அங்கே நிறையப் பயன்படுகிறது.

சீன வடிவங்களில் சில பரிமாணங்களின் ஆல்ஃபா தாழ்ந்து வந்தால், உடனே "சீனர்களுக்கு இந்தக் கருத்து அந்நியம்" என்று ஒரு விளக்கம் எழுதப்படுகிறது. இதில்தான் எனக்கு மறுப்பு உண்டு. ரிஃப்பும் கோரி கீஸும் 1995-ல் அமெரிக்கர்களிடமே, ஆங்கிலத்திலேயே, இந்த 18 கேள்வி வடிவத்தைப் பயன்படுத்தியபோது கிடைத்த ஆல்ஃபாக்கள் 0.33 முதல் 0.56 வரைதான். வாழ்க்கையில் நோக்கம் என்ற பரிமாணத்துக்குத்தான் அந்த 0.33. மூன்று கேள்வி என்பதாலும், ஒவ்வொரு பரிமாணத்தின் வெவ்வேறு பக்கத்தைத் தொடும்படி வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த கேள்விகள் என்பதாலும் அப்படி. ஊரிலேயே முடமாக இருந்த குதிரை வெளியூர் போய் நொண்டினால், சாலையை மட்டும் குறை சொல்வது என்ன நியாயம்?

நோக்கம் பற்றிய அந்த மூன்று கேள்விகளைப் பாருங்கள். ஒன்று, சிலர் குறிக்கோள் இல்லாமல் திரிகிறார்கள், நான் அப்படி இல்லை என்ற பொருளில் வருகிறது. இதற்கு "ஒத்துக்கொள்ளவில்லை" என்று டிக் செய்பவர் இல்லை என்பதற்கு இல்லை சொல்ல வேண்டும். அவசரமாக நிரப்புகிறவர் எந்த மொழியிலும் தடுக்கி விழுவார். இன்னொன்று, வாழ்க்கையில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டதுபோல் சில சமயம் தோன்றுகிறது என்கிறது. ஆமாம் என்றால் நோக்கம் இல்லாதவர் என்று மார்க் குறையும். பிள்ளைகளை ஆளாக்கி, பெற்றோரைக் கடைசிவரை பார்த்து அனுப்பிய ஹாங்காங் முதியவர் ஒருவர் இதற்கு நிறைவோடு ஆமாம் போட்டால்? என் அம்மாகூட "என் கடமையெல்லாம் முடிஞ்சுதுப்பா" என்று சொல்வார், முகத்தில் அவ்வளவு நிம்மதி இருக்கும். இந்த அளவுகோல் அந்த நிம்மதியைக் குறை என்று கணக்கெழுதும்.

இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினையும் இருக்கிறது. கிறிஸ்டன் ஸ்பிரிங்கரும் ராபர்ட் ஹவுசரும் 2006-ல் அமெரிக்கத் தரவுகளை வைத்துக் காட்டியது இது: ஆறில் நான்கு பரிமாணங்கள் (தன்னேற்பு, சூழலைக் கையாளுதல், நோக்கம், வளர்ச்சி) அளவைப் பிழையை நீக்கிப் பார்த்தால் ஒன்றோடொன்று 0.85-க்கு மேல் ஒட்டுகின்றன. அப்படியானால் அவை நான்கா, ஒன்றா? ரிஃப் தரப்பு அதே ஆண்டில் பதில் எழுதியது. விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. மூலமே தீராத வழக்கில் இருக்கும்போது, அதன் சீன மொழிபெயர்ப்பு "ஆறு காரணி அமைப்பை உறுதிசெய்தது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுவதை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

தோற்கும் டெஸ்ட்டை அழிப்பது

எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் ஒரு அட்டவணை வரும். இந்தக் கேள்வியை நீக்கினால் ஆல்ஃபா எவ்வளவாகும் என்று ஒவ்வொரு கேள்விக்கும் சொல்லும். ஆசை காட்டும் அட்டவணை. ஒட்டாத கேள்வியைத் தூக்கு, ஆல்ஃபா ஏறும். இன்னொன்றைத் தூக்கு, இன்னும் ஏறும். 0.8 வந்ததும் நிறுத்து, கட்டுரை எழுது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சமானம் உண்டு. பில்டு சிவப்பாக இருக்கிறது என்று தோற்கும் டெஸ்ட்டையெல்லாம் அழித்துவிட்டுப் பச்சை காட்டுவது. செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். தோற்கும் டெஸ்ட் ஏதோ சொல்ல வந்தது. அதைக் கேட்காமல் வாயை மூடிவிட்டோம்.

பெரும்பாலும் இப்படிப் பலியாவது எதிர்மறைக் கேள்விகள்தான். நான்சி வாங்கும் கூட்டாளிகளும் 2003-ல் பொருளாசையை அளக்கும் வேறொரு அளவுகோலை அமெரிக்கா, சிங்கப்பூர், தாய்லாந்து, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் வைத்துப் பார்த்தபோது, நேர்மறையும் எதிர்மறையும் கலந்த அமைப்பு கிழக்காசிய நாடுகளில் குழப்பத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். அப்போ எல்லாவற்றையும் நேர்மறையாகவே வைத்துவிடலாமா? உலக சுகாதார நிறுவனத்தின் 5 கேள்வி நல்வாழ்வுப் பட்டியல் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதற்கும் விலை உண்டு. எதைக் கேட்டாலும் தலையாட்டும் சுபாவமுள்ளவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார், பதில்கள் ஒத்துப்போகும், ஆல்ஃபா ஏறும். ஏறியது நல்வாழ்வாலா, தலையாட்டலாலா என்று கண்டுபிடிக்க வழியிருக்காது. எதிர்மறைக் கேள்வி இருந்தால் குழப்பம், எடுத்தால் குருட்டுத்தனம். எதைத் தேர்ந்தாலும் ஏன் தேர்ந்தோம் என்று கட்டுரையில் எழுதியாக வேண்டும்.

வேறு வழியில் போனவர்கள்

மொழிபெயர்ப்பதோடு நிற்காதவர்களும் உண்டு. தைவானில் 1986-ல் செங், வில்லியம்ஸ் இருவரும் உருவாக்கிய சீன உடல்நல வினாத்தாள் ஒரு நல்ல உதாரணம். டேவிட் கோல்டுபெர்க்கின் பொது உடல்நல வினாத்தாளிலிருந்து சில கேள்விகளை எடுத்துக்கொண்டார்கள். கூடவே, தலையில் அழுத்தம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் மரத்துப்போவது, குடும்பத்தாரைப் பற்றிய கவலை என்று அந்த மண்ணில் மனக்கஷ்டம் எப்படிப் பேசுமோ அப்படிப் பேசும் கேள்விகளைச் சேர்த்தார்கள். 12 கேள்விதான். ஆனால் அங்குள்ள மனிதரைக் கேட்டு எழுதிய 12. தைவானிலேயே லூ லுவோ, ஆக்ஸ்ஃபோர்டு மகிழ்ச்சிப் பட்டியலோடு உள்ளூர்க் கேள்விகளைச் சேர்த்துச் சீன மகிழ்ச்சிப் பட்டியலை அமைத்ததும் இந்த வழியில்தான்.

இதிலும் ஒரு நஷ்டம் இருக்கிறது. கேள்விகள் மாறிவிட்டதால் தைவான் ஸ்கோரை லண்டன் ஸ்கோரோடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் ஒரே கேள்வித்தாளாக இருந்தால் மட்டும் ஒப்பிட முடியும் என்று யார் சொன்னது? இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட வேண்டுமானால், கேள்விகளின் அமைப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கேள்வியும் உள்ளே இருக்கும் விஷயத்தோடு ஒரே அளவு ஒட்ட வேண்டும், ஒரே நிலையில் இருப்பவர்கள் ஒரே மார்க்கில் தொடங்க வேண்டும். மூன்றும் தேறினால்தான் ஒப்பீடு. சீன, ஜப்பானிய மாணவர்கள் அமெரிக்க மாணவர்களைவிட நடுப்புள்ளியை அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று சென், லீ, ஸ்டீவன்சன் 1995-ல் காட்டினார்கள். "ரொம்ப சந்தோஷம்" என்று கடைசிக் கட்டத்தில் டிக் போடக் கூச்சப்படுவது ஒரு பழக்கம், அதை நோய் என்று படிக்கக் கூடாது. இந்த ஒப்பீட்டுச் சோதனை எதையும் ஆல்ஃபா செய்து தராது.

நான் இப்போது எதைப் பார்க்கிறேன்

ஒரு சீன வடிவத்தின் நம்பகத்தன்மைக் கட்டுரை கையில் கிடைத்தால் எனக்கு நானே கேட்டுக்கொள்பவை:

1. மொத்த ஆல்ஃபா மட்டுமா, ஒவ்வொரு பரிமாணத்துக்கும் தனித்தனியாகவா? மொத்தம் 0.9 என்று சொல்லி உள்ளே 0.4-ஐ ஒளித்துவைப்பது சுலபம்.
2. கேள்வி எத்தனை? 3 கேள்வியில் 0.43 வருவதும் 20 கேள்வியில் 0.83 வருவதும் ஏறக்குறைய ஒரே தரம்.
3. மெக்டொனால்டின் ஒமேகாவோ வேறு அளவோ கொடுத்திருக்கிறார்களா? கிளாஸ் சைட்ஸ்மா 2009-ல் ஆல்ஃபாவின் பயன் மிகக் குறுகியது என்று எழுதினார். க்ரான்பாக்கே, அவர் இறந்த பிறகு 2004-ல் வெளிவந்த கட்டுரையில், ஆல்ஃபா சிறந்த வழி என்று தான் இனி நினைக்கவில்லை என்ற கருத்தைப் பதிவு செய்திருக்கிறார்.
4. சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டார்களா?
5. எந்தக் கேள்வியை நீக்கினார்கள், ஏன்?
6. பதில் சொன்ன யாரிடமாவது உட்கார்ந்து, இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க என்று கேட்டார்களா?

ஆறாவதுக்குக் கணிதமே தேவையில்லை. நான் தேடியவரை அதிகம் காணாமல் போவதும் அதுதான்.

அந்த எண்களுக்குத் திரும்பப் போனேன். இந்த முறை ஷென்ஜென் குழுவை மட்டும் தனியாக எடுத்து ஓட்டினேன். எதிர்மறைக் கேள்விகளில் சில, திருப்பிப் போட்ட பிறகும் மற்றவற்றோடு எதிர்த்திசையில் ஓடின. எட்டாவது கேள்விதான் மோசம். சென்னையில் ஆட்கள் அதிகம் என்பதால், சேர்த்து ஓட்டியபோது அவர்களுடைய ஒழுங்கு இவர்களுடைய ஒழுங்கின்மையை மூடிவிட்டது. சின்னக் குழு, முப்பது பேர்கூட இல்லை. அதை வைத்து அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தது ஒன்றுதான்: நாங்கள் அளக்கவே இல்லை.

அதை எழுதி மேலே அனுப்பினேன். ஸ்லைடு மாறவில்லை, அந்தக் காலாண்டு முடிந்துபோயிருந்தது. குழுத் தலைவருக்கும் ஒரு நகல் அனுப்பி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை. அடுத்த தடவை முதல்ல எங்களைக் கேளுங்க" என்று பதில் போட்டார்.

அதற்குப் பிறகு, 0.8 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்ணுக்குள் யாரிடமாவது கேட்டார்களா என்றுதான் முதலில் தேடுகிறேன். என் புரிதலில் பிழை இருந்தால், துறை தெரிந்தவர்கள் திருத்துங்கள்.